ஃபிளெட்சர் ஹெண்டர்சன்: இசைத்தட்டுகளை மட்டும் வைத்து அவரை எடைபோடலாமா?

பழையதட்டு எழுதியது:

1961ஆம் ஆண்டில் கொலம்பியா நிறுவனம், அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் குழுத் தலைவரும் பியானோ கலைஞருமான ஃபிளெட்சர் ஹெண்டர்சனின் பதிவுகளைத் திரட்டி நான்கு நெடுந்தட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றை வெளியிட்டது. அதன் தலைப்பிலேயே "விரக்தி" என்ற பொருள் வரும்படி பெயர் சூட்டிவிட்டார்கள். அன்று முதல் அவரைப் பற்றி எழுதுபவர் எவரும் அந்த ஒரு சொல்லைத் தாண்டி வருவதில்லை. திறமை இருந்தும் தலைமைப் பண்பு இல்லாதவர், பணம் சேர்க்கத் தெரியாதவர், தாம் உருவாக்கியதை வேறொருவர் கொண்டுபோய்ப் புகழ் பெற்றதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என்பதே நமக்குக் கிடைக்கும் சித்திரம். அவருடைய பதிவுகளை 1923 முதல் 1936 வரை ஆண்டு வரிசையில் கேட்டுவந்த எனக்கு இந்தச் சித்திரம் பாதிக்கு மேல் பொருந்தவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அடிப்படைச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெண்டர்சன் 1897 டிசம்பர் 18 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் கத்பர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர், தாய் பியானோ கற்பித்தவர். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்று பட்டம் பெற்று, 1920இல் மேற்படிப்பை எண்ணி நியூயார்க் வந்தார். ஒரு கறுப்பின வேதியியலாளருக்கு அந்நகரில் அன்று திறந்திருந்த கதவுகள் மிகக் குறைவு. பேஸ், ஹேண்டி ஆகியோரின் இசைப் பதிப்பகத்தில் புதிய பாடல்களைப் பியானோவில் வாசித்துக் காட்டும் வேலை கிடைத்தது. 1921இல் ஹாரி பேஸ் தனியாகப் பிரிந்து, கறுப்பினத்தவர் நடத்திய முதல் இசைத்தட்டு நிறுவனங்களுள் ஒன்றான பிளாக் ஸ்வானைத் தொடங்கியபோது, இசைப்பதிவுகளைக் கவனிக்கும் பொறுப்பு இந்த இளைஞரிடம் வந்தது. எத்தல் வாட்டர்ஸ் என்ற பாடகியுடன் 1921-22இல் நீண்ட சுற்றுப்பயணம் சென்றார். கறுப்பினத்தவரின் ப்ளூஸ் என்னும் பாட்டு வகையை வாசிப்பதில் ஹெண்டர்சன் மிகவும் மென்மையாக இருந்ததால், ஜேம்ஸ் பி. ஜான்சன் என்ற பியானோ கலைஞரின் பியானோ சுருள்களை (தானியங்கிப் பியானோவில் ஓட்டும் துளையிட்ட காகிதச் சுருள்கள்) கேட்டுப் பழகும்படி தாம் வற்புறுத்தியதாக வாட்டர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஆகவே, அவர் நடன இசைக்குழுத் தலைவராக வேண்டுமென்று கனவு கண்டு வந்தவரல்லர். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஆள் திரட்டித் தருபவராக இருந்தார். அப்படித் திரண்ட ஆட்களே குழுவாகி, 44ஆம் தெருவின் கிளப் அலபாமிலும், 1924 ஜூலை முதல் பிராட்வேயின் ரோஸ்லேண்ட் நடனக்கூடத்திலும் வாசித்தார்கள். வெள்ளையர் மட்டுமே ஆட அனுமதிக்கப்பட்ட அந்தக் கூடத்தில், கறுப்பினக் கலைஞர்களின் குழு ஒன்று விட்டுவிட்டு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நிலைத்திருந்தது. இதை விரக்தியின் வரலாறு என்று சொல்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்துகளையும், குறிப்பாகப் பதிவுகளைச் சுட்டிப் பேசும் கருத்துகளையும் எதிர்பார்க்கிறேன்.

வெண்கலக்குழல் எழுதியது:

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கைச் சொல்லாமல் ஹெண்டர்சனின் 1924ஐப் பேச முடியாது. 1922இல் எத்தல் வாட்டர்ஸ் குழு நியூ ஆர்லியன்ஸ் சென்றபோதே ஹெண்டர்சன் அந்த இளைஞரின் வாசிப்பைக் கேட்டு உடன் வருமாறு அழைத்தார். அப்போது அது கைகூடவில்லை. 1924 இலையுதிர்காலத்தில் சிகாகோவில் தம் குரு கிங் ஆலிவரின் குழுவை விட்டு வந்திருந்த ஆம்ஸ்ட்ராங், ரோஸ்லேண்ட் மேடையில் மூன்றாவது டிரம்பெட்டாக அமர்ந்தார். அக்டோபர் 7 அன்று நடந்த முதல் பதிவில் அமைந்த "கோ லாங் மியூல்" என்ற பாட்டைக் கேளுங்கள். அது வேடிக்கைக்கான சாதாரண நடனப்பாட்டு. குழு கட்டை வண்டி போலக் குலுங்கிச் செல்கிறது. நடுவில் ஆம்ஸ்ட்ராங்கின் தனிவாசிப்பு வருகிறது. அது முடிந்ததும் மற்றவர்கள் பழைய நடைக்கே திரும்பிவிடுகிறார்கள்.

இந்த இடைவெளிதான் ஆம்ஸ்ட்ராங் அங்கிருந்த 14 மாதங்களின் கதை. அந்த மாதமே பதிவான "கோபன்ஹேகன்", "ஷாங்காய் ஷஃபிள்" ஆகியவற்றில் குழுவினர் அவரைப் பின்தொடரத் தொடங்கியிருக்கிறார்கள். 1925 மே மாதம் பதிவான "சுகர் ஃபுட் ஸ்டாம்ப்" வரும்போது தாளம் வேறாகிவிட்டது. அந்த உருப்படியின் மூலம், 1923இல் ஆலிவர் பதிவு செய்த "டிப்பர்மவுத் ப்ளூஸ்". அதை நியூயார்க்குக்குக் கொண்டுவந்தவர் ஆம்ஸ்ட்ராங். ஆலிவரின் புகழ்பெற்ற தனிவாசிப்பைத் தம் குருவுக்கு மரியாதை செய்வதுபோல அவர் அப்படியே எடுத்து வாசிக்கிறார்.

என் புகார் ஹெண்டர்சனின் மீதுதான். கையில் இப்படி ஒருவர் இருந்தும் அவரைப் பாட விடவில்லை. 1924 நவம்பரில் பதிவான "எவ்ரிபடி லவ்ஸ் மை பேபி"யின் ஒரு பதிவில் மட்டும், முடிவில் ஆம்ஸ்ட்ராங்கின் குரல் சில நொடிகள் ஒலிக்கிறது. உலகத்தையே பின்னாளில் கட்டிப்போட்ட குரலுக்கு அவ்வளவு இடம்தான் கிடைத்தது. 1925 நவம்பரில் அவர் சிகாகோ திரும்பிய கையோடு தம் ஐவர் குழுவான ஹாட் ஃபைவின் பதிவுகளைத் தொடங்கினார். அவற்றோடு ஒப்பிட்டால் ஹெண்டர்சனிடம் அவர் இருந்த காலம் வீணடிக்கப்பட்ட காலமாகவே எனக்குத் தோன்றுகிறது.

தாள்நடை எழுதியது:

வெண்கலக்குழல் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஆனால் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து குழு கற்றுக்கொண்டது என்றால், அந்தப் பாடத்தைத் தாளில் எழுதி வைத்தவர் யார் என்ற கேள்வி வருகிறது. அவர் டான் ரெட்மன். ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த அவரே குழுவின் முதன்மை இசைக்கோப்பாளர். பதிப்பகங்கள் எல்லாக் குழுக்களுக்கும் பொதுவாக அச்சிட்டு விற்ற இசைக்கோப்புத் தாள்களை வாங்கி, அவற்றை வெட்டியும் ஒட்டியும் இடையிடையே தமது பகுதிகளைச் சொருகியும் அவர் குழுவுக்கு ஏற்ப மாற்றினார். 1923-24 பதிவுகள் பலவற்றில் அச்சுத் தாளின் வாசனை இன்னும் போகவில்லை. எல்லாமே அவருடைய சொந்தக் கற்பனை என்று எண்ணிவிடக் கூடாது. ஆனால் வெட்டி ஒட்டும் அந்த வேலையிலிருந்துதான் பெரிய குழுவுக்கான ஜாஸ் இலக்கணம் பிறந்தது.

அந்த இலக்கணத்தின் அடிப்படை எளிது. டிரம்பெட், டிராம்போன் ஆகிய பித்தளைக் கருவிகள் ஒரு பக்கம், சாக்ஸபோனும் கிளாரினெட்டும் மறுபக்கம். ஒரு பக்கம் ஒரு சிறு சொற்கட்டைச் சொல்ல, மறுபக்கம் அதற்குப் பதில் சொல்கிறது. வில்லுப்பாட்டில் தலைவர் ஒரு வரியைச் சொல்ல, உடனிருப்போர் "ஆமா" போட்டு வாங்கிக்கொடுப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். இவற்றுக்கு நடுவே தனிக்கலைஞரின் மனோதர்மத்துக்கு இடம் விட வேண்டும். அவர் வாசிக்கும்போது பின்னால் மற்றவர்கள் என்ன செய்வது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். 1926 மே மாதம் பதிவான "த ஸ்டாம்பீட்" இதற்குச் சிறந்த சான்று. ரெக்ஸ் ஸ்டூவர்ட்டின் கார்னெட் சீறிக்கொண்டு புறப்படுகிறது. பிறகு கோல்மன் ஹாக்கின்ஸின் டெனர் சாக்ஸபோன் வருகிறது. மூன்று கிளாரினெட்டுகள் சேர்ந்து பறக்கும் ரெட்மனின் முத்திரைப் பகுதியும் உண்டு. ராய் எல்ட்ரிட்ஜ் சிறுவனாக இருந்தபோது ஹாக்கின்ஸின் இந்தத் தனிவாசிப்பை டிரம்பெட்டில் வாசிக்கக் கற்று, அதை வாசித்துக்காட்டியே வேலை பெற்றார். பத்து ஆண்டுகள் கழித்து அவரே ஹெண்டர்சன் குழுவில் அமர்ந்தார் என்பது இதன் அழகான தொடர்ச்சி.

1927இல் ரெட்மன் விலகி, டெட்ராய்ட்டின் மெக்கின்னீஸ் காட்டன் பிக்கர்ஸ் குழுவை நடத்தச் சென்றுவிட்டார். அதற்குச் சற்று முன் மே மாதம் பதிவான "வைட்மன் ஸ்டாம்ப்" அவருடைய கைத்திறனின் உச்சம். ஃபேட்ஸ் வாலர் இயற்றி ரெட்மன் கோத்த இந்த உருப்படியை, "ஜாஸ் அரசர்" என்று விளம்பரம் செய்யப்பட்ட பால் வைட்மனின் குழுவும் அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவு செய்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வைட்மனின் பெரிய குழு மிகுந்த கவனத்துடன் ஏறும் படிகளை ஹெண்டர்சனின் ஆட்கள் ஓடியே ஏறிவிடுவது தெரியும்.

மூன்றுநிமிடம் எழுதியது:

எல்லோரும் இசைத்தட்டிலிருந்து குழுவைப் பற்றிய முடிவுக்குத் தாவுகிறீர்கள். நடுவில் ஒலிப்பதிவு நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. 1924-25இல் ஹெண்டர்சன் குழு ஒரே நிறுவனத்துக்குக் கட்டுப்படாமல் கொலம்பியா, வோகேலியன், பாத்தே, பானர், பாராமவுண்ட் எனக் கேட்டவர்க்கெல்லாம் வாசித்தது. கொலம்பியாவின் மலிவுப் பதிப்பான ஹார்மனியில் "டிக்சி ஸ்டாம்பர்ஸ்" என்ற புனைபெயரில் 1925 முதல் 1928 வரை வாசித்தார்கள். 1931இல் "கானீஸ் இன் ஆர்க்கெஸ்ட்ரா" என்ற பெயரிலும் தட்டுகள் வந்தன. இந்தப் பெயர்களையெல்லாம் சேர்க்காமல் அவருடைய பதிவுகளைக் கணக்கிடுவதில் பொருளில்லை.

ஹார்மனியைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. மற்ற நிறுவனங்கள் 1925 முதல் மின்னொலிவாங்கிக்கு மாறிவிட்டன. ஹார்மனியோ பல ஆண்டுகள் பழைய ஊதுகுழல் முறையிலேயே பதிவு செய்துகொண்டிருந்தது. வாசிப்பவர்கள் ஒரு பெரிய புனலின் முன் நெருக்கியடித்து நிற்க, அந்த ஒலியின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கிழிக்கும். பெரிய டிரம்மை ஓங்கி அடித்தால் ஊசி தடம் மாறிவிடும் என்பதால், குழுவின் டிரம் கலைஞர் கைசர் மார்ஷலின் தாளத்தில் பெரும்பகுதி நமக்குக் கிடைக்கவே இல்லை. அதனால் ஒரே ஆண்டில், ஒரே கலைஞர்கள் வாசித்த கொலம்பியா தட்டும் ஹார்மனி தட்டும் வெவ்வேறு குழுக்கள்போலத் தோன்றுகின்றன. 1926ஐ 1924ஓடு ஒப்பிட்டு "குழு எவ்வளவு முன்னேறிவிட்டது" என்று வியப்பவர்கள், அந்த முன்னேற்றத்தில் ஒலிவாங்கியின் பங்கு எவ்வளவு என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. ரோஸ்லேண்டில் அவர்கள் இரவு முழுவதும் ஆடுவோருக்காக வாசித்தார்கள். வால்ட்ஸ், டாங்கோ, மெதுவான காதல் பாடல்கள் என எல்லாம் அதில் அடங்கும். அக்குழுவின் வால்ட்ஸ் நடை பெயர்பெற்றது என்று அங்கு வாசித்தவர்களே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஆனால் கறுப்பினக் குழுவிடமிருந்து வால்ட்ஸ் வாங்கித் தட்டில் ஏற்ற எந்த நிறுவனமும் ஆர்வம் காட்டவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது ப்ளூஸும் ஸ்டாம்ப் எனப்படும் விரைவான நடன உருப்படிகளும். ஆக, நாம் கேட்டுக்கொண்டிருப்பது ஹெண்டர்சன் குழு வாசித்ததன் ஒரு மூலையை மட்டும்தான். அந்த மூலையைத் தேர்ந்தெடுத்தவரும் ஹெண்டர்சன் அல்லர்.

வெண்கலக்குழலின் புகாருக்கும் இதில் ஒரு பதில் உண்டு. பாட்டுக்கு நடுவே சொரசொரத்த குரலில் ஒருவர் பாடுவதை ஒரு நடனக்கூடத்தின் நாகரிக வாடிக்கையாளர்கள் 1924இல் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று ஹெண்டர்சன் அஞ்சியிருக்கலாம். அந்த அச்சம் கலைக்கு நல்லதல்ல என்பது சரி. ஆனால் அதில்தான் பதினொருவரின் சம்பளம் இருந்தது.

பழையதட்டு எழுதியது:

மூன்றுநிமிடம் சொன்னது மிக முக்கியமானது. அதையொட்டியே இன்னொரு செய்தி. 1926 அக்டோபரில் ரோஸ்லேண்டில் ஜீன் கோல்ட்கெட்டின் வெள்ளையர் குழு ஹெண்டர்சன் குழுவுக்கு எதிரே மேடையேறியது. கார்னெட் கலைஞர் பிக்ஸ் பைடர்பெக்கும் சாக்ஸபோன் கலைஞர் ஃபிராங்க் டிரம்பாவரும் அக்குழுவில் இருந்தனர். பில் சாலிஸின் இசைக்கோப்புகள் அவர்கள் கையில் இருந்தன. அன்று தாங்கள் தோற்றுப்போனதாக ரெக்ஸ் ஸ்டூவர்ட் வெளிப்படையாக எழுதியிருக்கிறார். அந்த இரவின் ஒலி எந்தத் தட்டிலும் இல்லை. ஆனால் அதன் எதிரொலி 1931இல் கேட்கிறது: ஹெண்டர்சன் குழு "சிங்கிங் த ப்ளூஸ்" பாடலைப் பதிவு செய்தபோது, பிக்ஸ் 1927இல் வாசித்த தனிப்பகுதியை ஸ்டூவர்ட் சுரம் பிசகாமல் வாசிக்கிறார். கறுப்பினக் கலைஞர்கள் கண்டுபிடித்ததை வெள்ளையர் எடுத்துக்கொண்டார்கள் என்ற பெருங்கதை பெரும்பாலும் உண்மைதான். எனினும் ஆற்றல் மிக்க கலைஞர்கள் எந்தத் திசையிலிருந்தும் கற்றுக்கொண்டார்கள் என்பதையும் இந்தத் தட்டு காட்டுகிறது.

இனி, விரக்திக் கதையின் ஆதாரமாக எல்லோரும் சுட்டும் 1928-29க்கு வருகிறேன். 1928 ஆகஸ்டில் கென்டக்கி மாநிலத்தில் நடந்த கார் விபத்தில் ஹெண்டர்சன் காயமடைந்தார். அதற்குப் பிறகு அவருக்குத் தொழிலில் அக்கறை குறைந்துவிட்டது என்று அவருடைய மனைவி லியோரா சொன்னார். லியோராவும் டிரம்பெட் கலைஞர், குழுவின் நடைமுறைகளை அருகிலிருந்து பார்த்தவர் என்பதால் அவருடைய சொல்லைத் தள்ளிவிட முடியாது. 1929இல் "கிரேட் டே" என்ற இசை நாடகத்துக்காகக் குழு ஃபிலடெல்ஃபியா சென்றது. ஒத்திகையின்போது அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக நீக்கப்பட்டு வெள்ளையர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஹெண்டர்சன் அதை எதிர்த்து நிற்கவில்லை. கசப்புற்ற பலர் விலகினார்கள். அந்த ஆண்டு முழுவதிலும் குழுவின் பதிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

விபத்து அவரை மாற்றியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய மிகச் சிறந்த எழுத்துப்பணி இந்த விபத்துக்குப் பிறகுதான் நடந்தது என்பதை விரக்திக் கதை சொல்பவர்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

வெண்கலக்குழல் எழுதியது:

விடவில்லை, ஐயா. ஆனால் எழுத்துப்பணி வேறு, தலைமை வேறு. ஃபிலடெல்ஃபியாவில் தம் ஆட்களுக்காக ஒரு சொல் பேசாதவரைத் தலைவர் என்று எப்படிச் சொல்வது? ஒத்திகைக்கு வராதவர்களையும் தாமதமாக வருபவர்களையும் அவர் கண்டிப்பதில்லை என்று ஒன்றுக்கு மேற்பட்டோர் சொல்லியிருக்கிறார்கள். குழுவின் ஒழுங்கின்மை தமக்குப் பிடிக்கவில்லை என்று ஆம்ஸ்ட்ராங்கே பின்னாளில் குறைபட்டிருக்கிறார். அதே நகரத்தில், அதே இனவெறிச் சூழலில் இர்விங் மில்ஸ் என்ற மேலாளரின் துணையோடு டியூக் எலிங்டன் என்ற கறுப்பினக் குழுத் தலைவர் என்ன சாதித்தார் என்று பாருங்கள்.

சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் விவகாரம் இன்னும் வேதனையானது. 1934இல் பத்தாண்டுகளுக்கும் மேலாக உடனிருந்த ஹாக்கின்ஸ் இங்கிலாந்து சென்றுவிட, கான்சஸ் சிட்டியிலிருந்து யங்கை ஹெண்டர்சன் வரவழைத்தார். மெல்லிய, மிதக்கும் நாதம் யங்குடையது; ஹாக்கின்ஸின் கனத்த ஒலிக்குப் பழகிய மற்ற சாக்ஸபோன்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. லியோரா காலை வேளைகளில் ஹாக்கின்ஸின் தட்டுகளை யங்குக்குப் போட்டுக் காட்டி அதுபோல வாசிக்கச் சொல்வாராம். சில மாதங்களில் யங் கிளம்பிவிட்டார். போகும்போது, தாம் நீக்கப்படவில்லை என்று ஒரு கடிதம் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். யங்கின் மதிப்பு ஹெண்டர்சனுக்குத் தெரிந்திருந்தது, ஆனாலும் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இருவரும் சேர்ந்து வாசித்த ஒரு தட்டுகூட நம்மிடம் இல்லை. இதற்கு எந்த ஒலிப்பதிவு நிறுவனத்தைக் குற்றம் சொல்வது?

மூன்றுநிமிடம் எழுதியது:

யங்கை வரவழைக்க வேண்டும் என்று 1934இல் தோன்றியதே எத்தனை பேருக்கு? ஆம்ஸ்ட்ராங், ஹாக்கின்ஸ், ரெக்ஸ் ஸ்டூவர்ட், ஜிம்மி ஹாரிசன், பென்னி கார்ட்டர், ரெட் ஆலன், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிட்ஜ், சூ பெர்ரி என்று அவர் கண்டெடுத்தவர்களின் வரிசையைப் பாருங்கள். கண்டிப்பான தலைவர் ஒருவரிடம் இவர்களில் பாதிப்பேர் இவ்வளவு சுதந்திரமாக வாசித்திருக்க மாட்டார்கள். எலிங்டன் ஒப்பீடு நியாயமானதுதான். ஆனால் எலிங்டனுக்கு ஒரு மில்ஸ் இருந்தார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தாள்நடை எழுதியது:

தலைமையைப் பற்றிய வாதம் முடிவில்லாதது. நான் "கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்" என்ற ஒரே உருப்படியின் வழியாக இந்த இழையின் தலைப்புக்கு விடை தேடிப் பார்க்கிறேன்.

இது ஜெல்லி ரோல் மார்ட்டனின் இயற்றல். அவர் 1923இல் பியானோவில் தனியாகப் பதிவு செய்தார். ஹெண்டர்சன் குழு 1928 மார்ச்சில் அதைக் கொலம்பியாவுக்காகப் பதிவு செய்தது. ரெட்மன் போய்விட்டார், புதிய இசைக்கோப்பாளர் யாரும் வரவில்லை. ஆகவே கலைஞர்கள் ஒத்திகையிலும் மேடையிலும் பேசிவைத்துக்கொண்ட அமைப்பே தட்டில் இருக்கிறது. மார்ட்டனின் முற்பகுதிகளை விரைவாகக் கடந்து, பாட்டின் கடைசிப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் ஹாக்கின்ஸ், ஹாரிசன் முதலியோர் ஒருவர்பின் ஒருவராக வாசிக்கிறார்கள். இறுதியில் பித்தளையும் சாக்ஸபோன்களும் குறுஞ்சொற்கட்டுகளால் மோதிக்கொள்கின்றன.

1932 டிசம்பரில் ஓகே நிறுவனத்துக்காகவும், 1933 ஆகஸ்டில் மறுபடியும் பதிவு செய்தார்கள். 1928இல் டியூபாவும் பாஞ்சோவும் இருந்த இடத்தில் இப்போது ஜான் கிர்பியின் பாஸும் கிட்டாரும் இருக்கின்றன. டிரம் கலைஞர் வால்ட்டர் ஜான்சனின் ஹை-ஹாட் (காலால் மிதித்து மூடும் இரட்டைத் தாளத்தட்டு) நான்கு அடிகளையும் ஒரே ஓட்டமாகச் சமன்படுத்துகிறது. பாபி ஸ்டார்க்கின் டிரம்பெட் புறப்படும்போது முழுக் குழுவும் ஒரே மூச்சில் சாய்ந்து நகர்கிறது. ஸ்விங் என்று உலகம் பின்னால் பெயர் வைத்தது இங்கே முழு உருவில் இருக்கிறது. அவை பொருளாதார மந்தத்தின் அடிமட்ட ஆண்டுகள், தட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

ஹெண்டர்சன் முறையாக இசைக்கோப்பு எழுதத் தொடங்கியதே ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான். 1920களில் ரெட்மனும், பிறகு பென்னி கார்ட்டரும், தம்பி ஹோரஸ் ஹெண்டர்சனும் எழுதித் தந்தார்கள். அவர்கள் விலகவோ குறையவோ செய்தபோது தலைவரே பேனாவை எடுத்தார். 1934 செப்டம்பரில் டெக்காவுக்காகப் பதிவான "டவுன் சவுத் கேம்ப் மீட்டிங்", "ராப்பிங் இட் அப்" இரண்டும் அவருடைய சொந்த இயற்றல்கள். ரெட்மனின் எழுத்தில் இருந்த வேடிக்கைகளும் திடீர்த் திருப்பங்களும் இவற்றில் இல்லை. தேவையற்ற ஒரு சுரமும் இல்லாத, எந்தப் பகுதியும் வாசிப்பவரின் வாய்க்கு எளிதாக வரும் எழுத்து இது. "ராப்பிங் இட் அப்"இல் சாக்ஸபோன் பகுதி ஒரே மனிதர் பேசுவதுபோல் ஒலிக்கும். ஹில்டன் ஜெஃபர்சனின் ஆல்டோ அதிலிருந்து வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

சில வாரங்களில் பணத்தட்டுப்பாட்டால் குழு கலைந்தது. டிசம்பரில் என்பிசி வானொலியில் "லெட்ஸ் டான்ஸ்" நிகழ்ச்சி தொடங்கியது; அதில் வாசித்த, வெள்ளையரான கிளாரினெட் கலைஞரும் குழுத் தலைவருமான பென்னி குட்மனுக்கு வாரந்தோறும் புதிய இசைக்கோப்புகள் தேவைப்பட்டன. ஹெண்டர்சன் தம் குழுவின் உருப்படிகளை விற்றார், புதியனவும் எழுதிக்கொடுத்தார். 1935 ஜூலை 1 அன்று குட்மன் பதிவு செய்த விக்டர் தட்டின் ஒரு பக்கம் "கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்", மறுபக்கம் "சம்டைம்ஸ் ஐம் ஹாப்பி". இரண்டும் ஹெண்டர்சன் எழுதியவை. ஆகஸ்ட் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் பாலோமார் நடனக்கூடத்தில் இளைஞர்கள் ஆடுவதை நிறுத்திவிட்டு மேடையைச் சூழ்ந்துகொண்டதும் இத்தகைய இசைக்கோப்புகளுக்காகத்தான். 1928இல் ஒரு டஜன் பேர் கூடிப் பேசி உருவாக்கியது, 1935இல் தாளில் உறைந்து, வேறொரு குழுவின் பெயரில் நாட்டையே ஆட்டியது. குட்மன் இதை மறைத்தவரல்லர். தம் குழுவின் நடைக்கு ஹெண்டர்சனே காரணம் என்று பலமுறை சொன்னார். கூட்டமும் பணமும் யாரிடம் போயின என்பது வேறு கதை. அதில் நிறத்தின் பங்கைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே இசைத்தட்டுகளை வைத்து அவரை எடைபோடலாம் என்பதே என் பதில். ஆனால் குட்மனின் தட்டுகளையும் அந்தத் தராசில் வைக்க வேண்டும்.

மாடிரேடியோ எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். நான் இந்த இசைக்குப் புதியவள். நீங்கள் எல்லோரும் குறிப்பிட்ட பதிவுகளில் எதிலிருந்து தொடங்கலாம்? மேலும், ஹெண்டர்சன் பியானோ கலைஞர் என்கிறீர்கள். அவர் வாசிப்பைப் பற்றி யாரும் ஒரு வரிகூட எழுதவில்லையே?

பழையதட்டு எழுதியது:

வருக, அம்மா. "சுகர் ஃபுட் ஸ்டாம்ப்" ஒன்றையே நூலாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆலிவரின் 1923, ஹெண்டர்சனின் 1925, அவரே மறுபடியும் பதிவு செய்த 1931, அவருடைய இசைக்கோப்பில் குட்மன் பதிவு செய்த 1937. நான்கையும் வரிசையாகக் கேட்டால் இந்த இழையில் நாங்கள் மோதிக்கொண்டதெல்லாம் காதுக்கே தெரிந்துவிடும். அடுத்து "த ஸ்டாம்பீட்", பிறகு 1934 டெக்கா பதிவுகள். 1933இல் வந்த "க்வியர் நோஷன்ஸ்" ஹாக்கின்ஸின் இயற்றல். அதன் விசித்திரமான சுர அடுக்குகள் பத்தாண்டுகள் முந்தி வந்தவைபோல் ஒலிக்கும். அதைக் கொஞ்சம் பழகிய பிறகு கேளுங்கள். 1936இல் எல்ட்ரிட்ஜும் பெர்ரியும் வாசிக்கும் "கிறிஸ்டஃபர் கொலம்பஸ்" ஹெண்டர்சன் குழுவுக்குக் கிடைத்த பெரிய விற்பனை வெற்றி. அதன் சொற்கட்டைப் பின்னர் குட்மனின் "சிங், சிங், சிங்"இலும் கேட்பீர்கள்.

பியானோவைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. தம் குழுவில் அவர் தம்மை முன்னிறுத்திக்கொள்ளவே இல்லை. முப்பதுகளின் சில பதிவுகளில் பியானோவைத் தம்பி ஹோரஸிடமே கொடுத்துவிட்டார். அவருடைய விரல்களைத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் பாடகியர் பெஸி ஸ்மித்துக்கும் மா ரெய்னிக்கும் அவர் வாசித்த ப்ளூஸ் தட்டுகளுக்குப் போக வேண்டும். 1924இல் மா ரெய்னி பாடிய "சீ சீ ரைடர் ப்ளூஸ்" அவற்றுள் ஒன்று, அதில் ஆம்ஸ்ட்ராங்கும் இருக்கிறார். 1939இல் தம் குழுவைக் கலைத்துவிட்டுக் குட்மனிடம் சேர்ந்தபோது சில மாதங்கள் பியானோவில் அமர்ந்தார். அந்த அக்டோபர் 2 அன்று குட்மனின் அறுவர் குழு "ஃபிளையிங் ஹோம்", "ரோஸ் ரூம்" ஆகியவற்றைப் பதிவு செய்தது. சார்லி கிறிஸ்டியனின் மின்கிட்டாரை உலகுக்கு அறிமுகப்படுத்திய அமர்வு என்று எல்லோரும் அதைக் கொண்டாடுகிறார்கள். கிட்டாருக்குப் பின்னால் அடக்கமாக ஒலிக்கும் பியானோ ஹெண்டர்சனுடையது. 1950 டிசம்பரில் நியூயார்க்கின் கஃபே சொசைட்டியில் அவரும் ஓர் அறுவர் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். அந்த மாதமே பக்கவாதம் தாக்கியது. அதன்பின் அவர் வாசிக்கவில்லை. 1952 டிசம்பர் இறுதியில் காலமானார்.

தாள்நடை எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், அம்மா. 1938 ஜனவரி 16 அன்று கார்னகி அரங்கில் நடந்த குட்மன் கச்சேரியின் பதிவும் கிடைக்கிறது. அதில் வரும் "ப்ளூ ஸ்கைஸ்" ஹெண்டர்சனின் இசைக்கோப்பு. அதே கச்சேரியில் வாசிக்கப்பட்ட "பிக் ஜான்ஸ் ஸ்பெஷல்" ஹோரஸ் எழுதியது. அண்ணனின் குழு அதை 1934இலேயே டெக்காவுக்குப் பதிவு செய்திருக்கிறது. முதலில் டெக்காவைக் கேட்டுவிட்டுப் பிறகு கார்னகிக்குப் போங்கள்.